விழுங்கிய நாணயம் இரைப்பையில் இருக்கும்போது காத்திருப்பது சரியா?

இரண்டரை வயதுக் குழந்தை நாணயம் ஒன்றை விழுங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் அது இரைப்பைக்குள் இறங்கிவிட்டதாகவும் தானாக வெளியேறிவிடும் என்றும் சொல்லி, மருந்து எதுவும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று நாள்களாகியும் மலத்தில் நாணயம் தென்படவில்லை. பேதி மருந்து கொடுத்து அதை வெளியேற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேதி மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று என்று எண்ணுகிறேன். ஒன்றும் செய்யாமல் அனுப்பியது மருத்துவரின் அலட்சியமா, இந்தக் காத்திருப்பு எந்தக் கட்டத்தில் ஆபத்தாக மாறும் என்பதுதான் அது. குழந்தைகளின் இரைப்பை, குடல் நோய்களுக்கான மருத்துவராகப் பல ஆண்டுகள் இத்தகைய பொருள்களை எண்டோஸ்கோப் (வாய் வழியே உள்ளே செலுத்தும், கேமரா பொருத்திய வளையும் குழாய்) வழியே எடுத்தும், அதைவிடப் பலமுறை எடுக்காமல் விட்டும் பழகியிருப்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

பேதி மருந்து வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிந்தது உண்மையிலேயே நாணயம்தான் என்றால், உங்கள் மருத்துவர் செய்தது சரியானது. குழந்தைகள் விழுங்கும் பொருள்களில் 100க்கு 80 முதல் 90 வரை எந்தத் தலையீடும் இல்லாமல் வெளியேறிவிடுகின்றன. 10 முதல் 20 வரையிலானவற்றுக்கு எண்டோஸ்கோப் தேவைப்படுகிறது. அறுவை சிகிச்சை வரை போவது 100க்கு ஒன்றுக்கும் குறைவு. இதற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. வாயிலிருந்து ஆசனவாய் வரையுள்ள நீண்ட பாதையில் மிகக் குறுகலான இடம் தொடக்கத்திலேயே, உணவுக்குழாயின் மேல்வாயிலில், கழுத்தின் அடிப்பகுதியில் உள்ளது. அதற்குக் கீழே, இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச்செல்லும் பெருந்தமனியின் வளைவு உணவுக்குழாயை அழுத்தும் இடம் ஒரு தடை. இரைப்பைக்குள் நுழையும் இடத்திலுள்ள இறுக்குதசை இன்னொரு தடை. இந்த மூன்றையும் கடந்து இரைப்பைக்குள் விழுந்த பொருள், தன் பயணத்தின் கடினமான பகுதியை முடித்துவிட்டது என்றே சொல்லலாம். இனி அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியத் தடைகள் இரைப்பையின் வெளிவாயிலும், அதை அடுத்த முன்சிறுகுடலின் வளைவும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடமுமே. அகலம் 2.5 செ.மீட்டருக்குக் குறைவான, வழவழப்பான, வட்டமான பொருள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிவிடும். அதைவிட அகலமான நாணயம் சிறு குழந்தையின் இரைப்பையிலேயே தங்கிவிடக்கூடும், 6 செ.மீட்டருக்கு மேல் நீளமான பொருள் முன்சிறுகுடலின் வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிடும். குழந்தை சிறியதாக இருக்க இருக்க இந்த அளவுகளும் குறையும்.

மூன்று நாளில் வரவில்லையே என்ற கவலை இயல்பானது, ஆனால் மூன்று நாள் என்பது மிகக் குறுகிய காலம். பல பொருள்கள் நான்கு முதல் ஆறு நாள்களில் வெளியேறுகின்றன. நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்பவையும் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாத குழந்தையின் இரைப்பையில் உள்ள நாணயத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை காத்திருப்பதும், இடையில் ஓரிரு வார இடைவெளியில் எக்ஸ்ரே எடுப்பதும், அதன் பிறகும் அங்கேயே இருந்தால் எண்டோஸ்கோப்பால் எடுப்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் முறை. மலத்தில் தேடுவது நல்லதுதான். ஆயினும் கண்ணில் படாமலேயே நாணயம் போய்விட்ட குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மலத்தில் கிடைக்கவில்லை என்பது உள்ளே இருக்கிறது என்பதற்கான சான்று ஆகாது. அதை உறுதிப்படுத்த எக்ஸ்ரே போதும்.

பேதி மருந்தை நான் மறுப்பதற்குக் காரணம், அது இரைப்பையின் வெளிவாயிலை அகலமாக்கப் போவதில்லை என்பதே. குடலை வேகப்படுத்துவதால் நாணயத்துக்கு வழி கிடைக்காது. குழந்தைக்கு நீரிழப்பும் வயிற்றுவலியும்தான் மிஞ்சும். அந்த வயிற்றுவலி பேதியால் வந்ததா, நாணயத்தால் வந்ததா என்று பிறகு மருத்துவருக்கும் புரியாமல் போகும். வாந்தி வரவழைப்பது இதைவிட மோசமானது: இறங்கிவிட்ட பொருள் மேலே வந்து உணவுக்குழாயில் சிக்கலாம், அல்லது மூச்சுக்குழாய்க்குள் நுழையலாம். கெட்டியான உணவை உருட்டிக் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்ற யோசனையும் பயனற்றது. பொருள் உணவுக்குழாயில் நின்றிருந்தால் அந்த உணவு அதன் மேல் அடைத்துக்கொள்ளும், மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் வயிறு நிறைந்திருப்பதும் ஆபத்து. உங்கள் குழந்தையின் நாணயம் ஏற்கெனவே இரைப்பையில் இருப்பதால், வழக்கமான உணவை வழக்கம்போல் கொடுங்கள்.

இதே நாணயம் உணவுக்குழாயில் நின்றிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே நின்ற குழந்தைக்கு எச்சில் ஒழுகும், உணவை மறுக்கும், நெஞ்சில் வலிக்கிறது என்று கையால் காட்டும், சில நேரம் இருமலும் மூச்சிரைப்பும் வரும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமலோ மூச்சுவிடச் சிரமப்பட்டோ இருந்தால் உடனடியாக எடுத்தாக வேண்டும். எந்த அறிகுறியும் இல்லையென்றால், அத்தகைய நாணயங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தானாக இரைப்பைக்குள் இறங்கிவிடும் என்பதால், சில மணி நேரம் கண்காணித்துவிட்டு மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்தைத் தாண்டி அங்கே விட்டுவைக்கக் கூடாது. விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பெற்றோரிடம் நான் எப்போதும் வற்புறுத்துவது ஒன்று உண்டு: குழந்தை சிரித்து விளையாடுகிறது என்பதை மட்டும் நம்பி எக்ஸ்ரே எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பொருளை விழுங்கிய குழந்தைகளில் கணிசமானோர் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. உணவுக்குழாயில் நாணயம் நின்றிருக்கும்போதே ஓடியாடிய குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் அது நாணயம்தான் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த அனுமானத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன், ஏனென்றால் குழந்தை மருத்துவத்தில் இந்த ஓரிடத்தில் நிகழும் தவறு உயிரையே பறிக்கக்கூடியது. தொலைக்காட்சி ரிமோட், கார் சாவி, எடை பார்க்கும் கருவி, ஒளிரும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும் வட்டமான தட்டைப் பேட்டரி, முன்பக்க எக்ஸ்ரேயில் அவசரமாகப் பார்த்தால் நாணயம் போலவே தோன்றும். உற்றுப் பார்த்தால் பேட்டரிக்கு விளிம்புக்கு உள்ளே இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் ஓரத்தில் ஒரு படி வைத்ததுபோல் மெல்லிய மேடு தெரியும். நாணயத்தில் இவை இரண்டும் இருக்காது. முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு கோணங்களிலும் படம் எடுக்கச் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பேட்டரி ஏன் அவ்வளவு கொடியது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளிருக்கும் வேதிப்பொருள் கசிந்து விஷமாகிறது என்பதுதான் பொதுவான எண்ணம்; உண்மையில் அதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது. ஈரமான உணவுக்குழாயின் சுவர் பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றை முடித்துவைக்கிறது. மின்னோட்டம் பாய, எதிர்முனையை (நெகட்டிவ் முனையை) ஒட்டிய திசுவில் உள்ள நீர் பிரிந்து கடுமையான காரம், அதாவது அமிலத்துக்கு நேர்மாறான, அரிக்கும் வேதிப்பொருள், உருவாகிறது. அந்தக் காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்குகிறது. 20 மி.மீ. விட்டமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்ட லித்தியம் பேட்டரிதான் மிகக் கொடியது: சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்குவதற்குச் சரியான அகலமும், பழைய 1.5 வோல்ட் பேட்டரியைப்போல் இரு மடங்கு மின்னழுத்தமும் அதற்கு உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான தீப்புண் போன்ற காயம் ஏற்பட்டுவிடும். கருவியை இயக்க வலுவில்லாமல் நாம் கழற்றி எறிந்த பேட்டரியில்கூட இந்தச் சேதத்தை உண்டாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். எதிர்முனை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்து, காயம் முன்னால் மூச்சுக்குழாயையோ, பக்கத்தில் குரல்நாண்களுக்குச் செல்லும் நரம்பையோ, பெருந்தமனியையோ எட்டலாம். பேட்டரியை எடுத்த பிறகும் அரிப்பு நிற்பதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பெருந்தமனியில் ஓட்டை விழுந்து பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்ட குழந்தைகள் உண்டு. அதனால்தான் உணவுக்குழாயில் பேட்டரி என்று தெரிந்தால் வயிறு காலியாகக் காத்திருப்பதில்லை, காலை வரை தள்ளிப்போடுவதில்லை. நள்ளிரவானாலும் அந்த நிமிடமே எடுக்கத் தயாராகிறோம்.

இந்த ஒரு நிலையில் மட்டும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வயது நிரம்பிய, விழுங்க முடிகிற குழந்தை, கடந்த 12 மணி நேரத்துக்குள் பேட்டரியை விழுங்கியிருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. 2018இல் பன்றிக்குட்டிகளில் நடத்தப்பட்ட ஆய்வில் தேன் பேட்டரியைச் சுற்றிப் படர்ந்து காரத்தின் வீரியத்தைக் குறைப்பது தெரியவந்ததன் பிறகு இந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தது. இது சேதத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. தேனைத் தேடிக்கொண்டு ஐந்து நிமிடம் தாமதிப்பதைவிடத் தேனில்லாமல் கிளம்புவது மேல். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது.

பேட்டரிக்கு அடுத்து என்னைக் கலங்கவைப்பவை காந்தங்கள், குறிப்பாகப் பொம்மைகளிலும் மேசை அலங்காரப் பொருள்களிலும் வரும் சிறிய, மிக வலுவான நியோடிமியம் உருண்டைகள். ஒரே ஒரு காந்தம் மட்டும் உள்ளே போயிருந்தால் அது பெரும்பாலும் நாணயத்தைப் போலவே வெளியேறிவிடும். இரண்டு காந்தங்களோ, ஒரு காந்தமும் வேறொரு இரும்புத் துண்டுமோ வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் இன்னொன்றும் இருந்து, இடையில் சிக்கிய குடல் சுவர்களை நசுக்கியபடியே ஒட்டிக்கொள்ளும். நசுங்கிய சுவருக்கு இரத்த ஓட்டம் நின்று, அது அழுகி ஓட்டையாகிறது. தொடக்கத்தில் குழந்தைக்கு லேசான வயிற்றுவலியும் வாந்தியும் மட்டுமே இருப்பதால், சாதாரண வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால், விழுங்கியது ஒன்றுதான் என்று குழந்தை சொன்னாலும் நான் நம்புவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை என்றால், எண்டோஸ்கோப் எட்டும் இடத்தில் இருக்கும்போதே, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்துவிடுவதுதான் முறை.

கூர்மையான பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊசி, திறந்த ஊக்கு, மீன்முள் ஆகியவை உணவுக்குழாயில் இருந்தால் அவசரமாக எடுக்க வேண்டும். இரைப்பையில் எட்டும் தூரத்தில் இருந்தாலும் எடுப்பதே வழக்கம். அதைத் தாண்டிப் போயிருந்தால் நாள்தோறும் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து, மூன்று நாள் ஓரிடத்திலேயே நின்றால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறோம். எடுக்கும்போது கூரான முனை பின்னால் வரும்படி திருப்பிக்கொண்டுதான் இழுப்போம். அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், தாம் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்துவைத்தார். அவை இன்றும் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்று நாங்கள் செய்யும் பலவற்றுக்கு அவருடைய பொறுமையே அடித்தளம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக், மரம், பெரும்பாலான மீன்முள்கள் ஆகியவை தெரியாமல் போகலாம். தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் நிறநிறமான ஜெல் மணிகளும் அப்படித்தான்; விழுங்கும்போது கடுகளவாக இருந்தது குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்கிறது. ஈயத்தால் ஆனது, உதாரணமாகத் தூண்டில் எடை, இரைப்பையில் இருந்தால் அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறும் என்பதால் அதையும் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும்.

மூச்சுக்குழாயில் சிக்குவது முற்றிலும் வேறு ஆபத்து, அதை விழுங்கியதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திடீரென்று இருமல் வெடித்து, குழந்தை பேசவோ அழவோ முடியாமல் நீலம் பாய்ந்தால், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. ஒருவர் அவசர உதவியை அழைக்க, மற்றவர் அங்கேயே முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தலை தாழ்வாக முன்கையில் கவிழ்த்து முதுகில் ஐந்து முறை தட்டி, பின் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டுகளும் மேல்வயிற்றில் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தங்களும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போகும். குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். அந்த இருமலைவிட நல்ல சிகிச்சை அப்போது இல்லை. கடுமையான இருமல் வந்து அடங்கிவிட்டு, அதன் பிறகு ஒரு பக்க மூச்சிரைப்போ தீராத சளியோ தொடர்ந்தால், மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும் மூச்சுக்குழாயை உள்நோக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் மருத்துவர்கள் ஒத்துப்போகிறோம் என்று சொல்லமாட்டேன். பேட்டரி உணவுக்குழாயைத் தாண்டி இரைப்பைக்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான பேட்டரியை விழுங்கியிருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவர்களின் 2015ஆம் ஆண்டு அறிக்கை. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் கண்டறியப்பட்டு, அறிகுறியும் இல்லையென்றால், 7 முதல் 14 நாள் வரை பொறுத்து மீண்டும் எக்ஸ்ரே எடுக்கலாம் என்கிறது 2021இல் வந்த ஐரோப்பியச் சங்கத்தின் நிலைப்பாடு. நான் முதல் கருத்தின் பக்கமே சாய்கிறேன், ஏனென்றால் இறங்கும் வழியில் அது உணவுக்குழாயில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவரைத் தவறு என்று சொல்லவும் எனக்கு ஆதாரமில்லை. இரைப்பையில் உள்ள நாணயத்துக்கு இரண்டு வாரமா, நான்கு வாரமா என்பதும் இப்படியே அவரவர் அனுபவத்துக்கு விடப்பட்ட ஒன்று.

உங்கள் குழந்தையின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆகவே இன்றே செய்யத்தக்கது ஒன்றைச் சொல்கிறேன்: மருத்துவரிடம் போய், அது நாணயம்தான் என்பதை விளிம்பைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டீர்களா, பக்கவாட்டுப் படம் எடுக்கப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் பேட்டரி காணாமல் போன கருவி, மூடி கழன்ற ரிமோட் ஏதேனும் உண்டா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதே அளவுள்ள இன்னொரு பேட்டரியை, உறை இருந்தால் உறையோடு எடுத்துச் செல்லுங்கள், அதில் பொறித்திருக்கும் எண்ணே மருத்துவருக்கு விட்டத்தையும் வகையையும் சொல்லிவிடும். நாணயம்தான் என்று உறுதியானால், அடுத்த எக்ஸ்ரே வரை குழந்தையை வழக்கம்போல் விளையாடவிடுங்கள். இடையில் திரும்பத் திரும்ப வாந்தி, குறிப்பாகப் பச்சை நிற வாந்தி, விடாத வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், காய்ச்சல், மலத்திலோ வாந்தியிலோ இரத்தம், கறுத்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.